பிரேக் கீச்சிட்டால், கியர் முரண்டு பிடித்தால்: நமது மலைப் பாதை ஜீப்புகளின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஜீப் வைத்திருப்பவர்கள் மட்டும் நேரமில்லாவிட்டாலும் வாசியுங்கள்.

சென்ற வாரம் பாடசாலை விட்ட நேரம், பழைய மாணவர் ஒருவர் கேற்றடியில் தனது ஜீப்பை நிறுத்தினார். நிறுத்தும்போதே பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு ஒரு கீச்சு. இறங்கி வந்து, "சேர், பிரேக் சத்தம் போடுது. ரெண்டாம் கியர் விழுறதே இல்ல. ரெண்டு கராஜுக்குக் காட்டிட்டேன். ஒருத்தர் கியர்பொக்ஸ மாத்தச் சொல்றார், மத்தவர் ஜீப்பையே மாத்தச் சொல்றார். வித்துடவா?" என்றார்.

வரலாறு படிப்பிக்கும் நம்மிடம் இதை ஏன் கேட்கிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மாவனல்லை, ஹெம்மாதகம பக்கத்தவர்களில் சிலருக்குக் காரணம் தெரியும். 2016இல் நாம் நண்பர்கள் நால்வர் சேர்ந்து வைத்திருந்த ஒரு பழைய லேண்ட் ரோவரும் இப்படித்தான் கீச்சிட்டது. கியரும் இப்படித்தான் முரண்டு பிடித்தது. நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கதைக்கு வருவோம். அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. வாத்தியார் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மலையில் பாரம் ஏற்றி இறக்குவது நமது சமூகத்துக்குப் புதிய தொழில் அல்ல. கண்டி இராச்சியத்தில் 'மடிகே பத்த' என்றொரு பிரிவு இருந்தது. இன்றைய வார்த்தையில் சொன்னால் அரசனின் போக்குவரத்துத் திணைக்களம். அதில் பெருமளவில் வேலை செய்தவர்கள் சோனகர்கள். மாடுகளின் முதுகில் பொதி ஏற்றி வரிசையாக ஓட்டிச் செல்வதைத் தவலம் என்பார்கள். மேலேயிருந்து பாக்கும் மிளகும் இறங்கும். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் ஏறும். தவலத்துக்கு பிரேக் தேவைப்படவில்லை. மாட்டுக்கு நான்கு கால், அது பார்த்துத்தான் இறங்கும்.

சக்கரம் வந்த பிறகுதான் இறக்கம் ஒரு பிரச்சினையானது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் கற்பாறையைக் குடைந்து போட்ட வழியையும், அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்து நிற்கும் கோபுரத்தையும் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்த்திருப்போம். வீதி வந்ததும் பொதிமாட்டின் இடத்துக்கு மாட்டு வண்டி வந்தது. பாரம் கூடியது. கூடிய பாரம் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். வண்டிக்காரன் கையில் இருந்ததெல்லாம் சக்கர வளையத்தில் அழுத்தும் ஒரு மரக்கட்டைதான்.

இதே தலைவலி உலகத்தின் எல்லா மலைநாட்டிலும் இருந்தது. 1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஒன்றைக் கவனித்தார். இறக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்துத் தோலை பிரேக் கட்டையில் வைத்து அழுத்துகிறார்கள். வெறும் கட்டையை விட அது நன்றாகப் பிடிக்கிறது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வேறொரு பொருள் வேண்டும் என்பது அவருக்குப் பிடிபட்டது. துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் ஏற்றிச் செய்து பார்த்தார். பிறகு கல்நார் சேர்த்தார். அவர் ஆரம்பித்த கம்பனிதான் ஃபெரோடோ. அவரது பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். இன்று நமது கராஜ்களில் 'லைனர்' என்று சொல்லும் சாமானின் மூத்தாப்பா அந்தப் பழைய சப்பாத்துத்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் என்பது உரசல். உரசினால் சூடு வரும், தேய்மானம் வரும், சத்தமும் வரும். எந்தச் சத்தம் சாதாரணம், எது ஆபத்து என்று பிரிக்கத் தெரிவதுதான் விஷயம்.

இனி ஜீப். 1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இழுவை வாகனம் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பனி அதைச் செய்து 1940 செப்டெம்பர் 23ஆம் திகதி கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஓடர் கிடைத்தது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். உழைத்தவன் ஒருவன், அறுவடை செய்தவன் இன்னொருவன். போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஜீப்புக்கு முன்னோக்கி மூன்றே கியர். இரண்டிலும் மூன்றிலும் மட்டும் சின்க்ரோமெஷ், முதலாம் கியரில் இல்லை. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கைபிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில் இருந்தது.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இராணுவ ஜீப்புகள் கண்டி வீதிகளில் ஓடிய காலம் அது. நமது ஊர்ப் பெரியவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் எந்த வாகனத்தையும், அது எந்த நாட்டில் செய்ததானாலும், 'ஜீப்பு' என்றே சொல்லிவந்தார்கள். பஜெரோவும் ஜீப்பு, டிஃபெண்டரும் ஜீப்பு.

போர் முடிந்ததும் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பண்ணை வைத்திருந்த ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், இராணுவம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பைப் பண்ணை வேலைக்குப் பாவித்தார். இது உடைந்தால் அடுத்தது எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள். உருக்குத் தட்டுப்பாடு; அதனால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். மழை ஓயாத நமது மலையில் பழைய லேண்ட் ரோவர்களின் உடல் இன்னும் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அந்தக் காலத்து உருக்குப் பஞ்சம்தான் காரணம். அடிச்சட்டம் உருக்கு; அது மட்டும் நன்றாகவே துருப்பிடிக்கும்.

ஓர் இடைச்செருகல். ஜீப்பை இந்தியாவில் கோர்க்கத் தொடங்கிய மஹிந்திரா கம்பனி 1945இல் ஆரம்பித்தபோது அதன் பெயர் 'மஹிந்திரா அன்ட் மொஹமட்'. பங்காளியான மாலிக் குலாம் முஹம்மத் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே முதல் நிதியமைச்சரானார். பிறகு ஆளுநர் நாயகமும் ஆனார். 1948இல் கம்பனியின் பெயர் 'மஹிந்திரா அன்ட் மஹிந்திரா' என்று மாறியது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பிரிவினைப் பாடம் மறக்காது.

சரி, கியர். கியர்பொக்ஸுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வேகம் ஒத்துவராமல் கோர்க்கப் பார்த்தால் 'கர்ர்' என்று கத்தும். ஆரம்பகால மோட்டார் வாகனங்கள் எல்லாம் அப்படித்தான் ஓடின. 1928இல் கெடிலாக் கார்களில் ஏர்ல் தொம்ப்சன் என்பவரின் சின்க்ரோமெஷ் வந்தது. பற்கள் கோர்ப்பதற்கு முன் ஒரு சிறிய கூம்பு வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். அதுவும் ஒருவகை பிரேக்தான். அந்த வளையம் தேய்ந்தால் கியர் கத்தும்.

லேண்ட் ரோவரில் சீரிஸ் ஒன், டூ, டூ ஏ மூன்றுக்கும் மூன்றாம், நான்காம் கியர்களில் மட்டுமே சின்க்ரோமெஷ். முதலாமுக்கும் இரண்டாமுக்கும் இல்லை. 1971இல் வந்த சீரிஸ் த்ரீயில்தான் முன்னோக்கிப் போகும் நான்கு கியருக்கும் போட்டார்கள். ஆகவே பழைய டூ ஏ ஒன்றில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டுமானால் இரட்டைக் கிளச் போட வேண்டும். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடு, கிளச்சை விடு, எக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை வேகப்படுத்து, மறுபடி கிளச்சை மிதித்து இரண்டில் போடு. பழைய டிரைவர்மார் இதைக் கண்மூடி முழிப்பதற்குள் செய்வார்கள். நமது வாப்பாமார் காலத்து லொறி டிரைவர்களின் கால் வேலையைப் பார்த்தால் தையல் மெஷின் மிதிப்பது போலிருக்கும். இன்றைய வேன் ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றமில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது 2016.

மே 17ஆம் திகதி பின்னேரம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய மூன்று கிராமங்கள் மண்ணுக்குள் போயின. நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அந்த நாட்களில் நமது ஊர்ப் பள்ளிவாசல்களில் சமைத்த சோற்றுப் பார்சல்களும், சேர்த்த உடுப்புகளும், பால்மாவும், முகாம்களாகியிருந்த பன்சலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தன. வேன் போகாத இடத்துக்கு நமது ஜீப் போனது. 88 அங்குல டூ ஏ. தோட்டமொன்றில் நின்றதை ஆசைக்கு வாங்கி, ஓய்வு நாட்களில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் இரண்டு இடங்களில் ஓடைநீரைக் கடந்தோம். தண்ணீர் சக்கர அச்சுக்கு மேலே நின்றது. திரும்பி வரும்போது பின்பக்கம் 'கறகற' என்றது. சேறு புகுந்திருக்கும், தானாகப் போய்விடும் என்றோம். இரண்டாம் நாள் கறகறவோடு ஒரு கீச்சும் சேர்ந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து முதலாம் கியர் போட்டபோது மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் என்றோம். மூன்றாம் நாள் அரிசி மூட்டைகளோடு ஒரு மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் நம்மில் இளையவர். பின்னால் உயர்தர மாணவர் மூவர். மூன்றாம் கியரில், பிரேக்கில் கால் வைத்தபடியே நீண்ட இறக்கம். ஒரு வளைவுக்கு முன் பெடல் மெதுமெதுவென்று உள்ளே போனது. இரண்டுக்குப் போட முயன்றார். கர்ர்... விழவில்லை. மறுபடியும் கர்ர். வண்டி நியூட்ரலில் வேகம் பிடித்தது.

இடது பக்கம் மண் மேடு, வலது பக்கம் பள்ளம். அவர் மேட்டில் சாய்த்தார். மட்கார்ட் நசுங்கி, தேயிலைச் செடிகளுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. ஒரு மாணவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான். அந்த மாணவரின் உம்மாவுக்கு முன்னால் நாம் நின்ற நிமிடத்தைப் பற்றி எழுத இன்னும் முடியவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அரை மணித்தியாலம் கழித்துப் பெடலை மிதித்தால் கல்லுப்போல் இறுகியிருந்தது! "பிரேக் நல்லாத்தானே இருக்கு, பயத்துல மிதிக்கல்லயோ?" என்று ஓட்டியவரிடமே சிலர் கேட்டார்கள். பாவம், அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

ஜீப்பைக் கட்டி இழுத்து ஒரு பழைய பாஸிடம் கொண்டுபோனோம். தோட்டத்து லொறிகளிலும் ஜீப்புகளிலும் வாழ்நாள் முழுக்கக் கை வைத்தவர். பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அவர் நம்மை உட்காரவைத்து ஒவ்வொரு சத்தத்தையும் வாயால் செய்து காட்டச் சொன்னார். எந்தச் சக்கரம், எப்போது ஆரம்பித்தது, பிரேக் மிதித்தால் கூடுதா குறையுதா, சும்மா ஓடும்போதும் வருதா. வைத்தியர் கேட்பது போல. அன்று அவரிடம் கற்றதைத்தான் இங்கே சொல்கிறோம்.

கியரில் ஆரம்பித்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் போல விழுந்தன. ஸ்டார்ட் செய்து கிளச்சை மிதித்துப் போட்டார். இறுக்கம், ரிவர்ஸில் கத்தல். "மாஸ்டர், கியர்பொக்ஸ் குத்தமில்ல. கிளச் விடல்ல" என்றார். இந்த ஒரு சோதனைக்குச் சல்லிக் காசு செலவில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் இறுக்கமென்றால் லீவர், அதன் அடிக்குமிழ், உள்ளே உள்ள செலக்டர், ஒயில் இவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுக்கமென்றால், கிளச் முழுதாகப் பிரியவில்லை. கிளச் பெடலை இரண்டு மூன்று தரம் மிதித்ததும் இலேசாகிறதென்றால் ஹைட்ரோலிக்கில் காற்று, அல்லது மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ றப்பர் தேய்ந்திருக்கிறது.

நமது வண்டியில் காரணம் வேறு. லேண்ட் ரோவரின் கிளச் கூட்டுக்கு அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. சாதாரண நாளில் அது திறந்திருக்க வேண்டும், கசியும் ஒயில் வெளியேற. ஆழமான தண்ணீரில் இறங்கும்போது ஒரு பித்தளை மூடியைத் திருகி அடைக்க வேண்டும். பிறகு கழற்றிவிட வேண்டும். அப்படி ஒரு மூடி இருப்பதே நமக்குத் தெரியாது. சேற்றுத் தண்ணீர் உள்ளே போய், இரவில் நின்றபோது துருப்பிடித்து, கிளச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அதோடு சின்க்ரோமெஷ் இல்லாத இரண்டாம் கியர், இரட்டைக் கிளச் தெரியாத கால். அன்றைக்கு அந்தக் கியர் விழுந்திருந்தால்தான் அதிசயம்.

பிரேக்குக்கு வந்தார். பின் வலது டிரம்மைக் கழற்றினால் லைனர் எண்ணெயில் குளித்திருந்தது. ஓடி ஓடிச் சூடான அச்சுக்கூடு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அது மூச்சு விடுவதற்கென்று வைத்த சிறு வால்வு சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நமது சீலும் பழசு. உள்ளே தண்ணீர், வெளியே ஒயில். எண்ணெய் குடித்த லைனர் பிடிக்காது, வழுக்கும், கீச்சிடும். கழுவிப் போடலாமா என்று கேட்டோம். "பெற்றோல் ஊத்திக் கழுவி, நெருப்பு வெச்சு எரிச்சுப் போடுற ஆக்கள் இருக்காங்க. சூடானா உள்ளுக்கு இருக்கிற ஒயில் திரும்ப வரும். மாத்துங்க" என்றார். மாற்றும்போது அந்தப் பக்கம் மட்டுமல்ல, இரண்டு பக்கமும். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இடது டிரம்மில் வேறு கதை. மணலும் சேறும் அரைத்து, லைனர் தேய்ந்து, ஆணித் தலைகள் டிரம்மைக் கீறத் தொடங்கியிருந்தன. நமது 'கறகற' அதுதான். தண்ணீர் கடந்து வந்த பிறகு உலோகம் அரைவது போன்ற சத்தம் ஒரு மைல் மெல்லப் பிரேக் பிடித்தபடி ஓடியும் போகவில்லையென்றால் டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். காலையில் முதல் இரண்டு மிதிக்கு மட்டும் வரும் சரசரப்பு இரவுத் துரு, அது பாதகமில்லை. மெல்லிய கீச்சு மட்டும், பிடிப்பில் குறையில்லையென்றால் தூசியாக இருக்கலாம், லைனரின் முகம் கண்ணாடிபோல் பளபளத்திருக்கலாம், ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம். மிதித்ததும் ஒரேயொரு 'டொக்' என்று கேட்டால் பிரேக்கையே விட்டுவிட்டு வில்லுத் தகட்டின் புஷ்ஷையும் யூ போல்ட்டையும் வீல் பெயரிங்கையும் பாருங்கள். இந்த ஒரு டொக்குக்காகப் பிரேக் சாமான் முழுவதையும் மாற்றியவர்கள் நமதூரில் இருக்கிறார்கள்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கொம்ப்ரசரால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருந்தது. ஊதினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். பிரித்தானியா 1999இல் அதை முற்றாகத் தடை செய்தது. பழைய வண்டிகளில் எந்தக் காலத்து லைனர் கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

பெடல் உள்ளே போனதற்கும் அரை மணியில் திரும்ப வந்ததற்கும் காரணம் பிரேக் ஒயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். டொட் 4இல் அது 230, 155. நமது வண்டியில் இருந்தது தேநீர்ச் சாயம் போல் கறுத்த, எத்தனை வருடமென்று தெரியாத ஒயில். நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்த சூட்டில் அது கொதித்து ஆவியானது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சாகியது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் இறுகியது. ஓட்டியவர் மிதிக்காமலில்லை. இதைப் பாஸ் சொன்னபோது அந்தத் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார், கண் கலங்கியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்த டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்காதவர்கள் நாம் நால்வரும்தான். பழி மட்டும் மூன்று நாள் அவர் தலையில் கிடந்தது.

அந்தக் காலத்து டூ ஏயில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. ஓரிடத்தில் போனால் நான்கும் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுவது ஒரு மட்கார்ட் தட்டி எடுக்கும் கூலியை விட மலிவு. அவசரத்துக்கென்று எஞ்சின் ஒயிலை அந்த டப்பாவில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். றப்பரெல்லாம் ஊதிப் பெருத்து, பிரேக் பிடித்தபடியே இறுகிவிடும்.

பாஸ் கடைசியாகக் கேட்டது, "கைபிரேக்க இழுத்தீங்களா?" இல்லையென்றோம். லேண்ட் ரோவரிலும் கைபிரேக், வில்லிஸில் போலவே, ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால்தான். பாரத்தோடு வேகமாக ஓடும்போது சட்டென்று இழுத்தால் பின் அச்சுத்தண்டு முறியலாம். முறிந்தால் அந்தக் கைபிரேக்கும் இல்லை, பின் சக்கரத்துக்கு எஞ்சின் பிடிப்பும் இல்லை. அது நிறுத்திய வண்டியைப் பிடித்துவைக்க. இறக்கத்துக்கு இருப்பது லோ ரேஞ்ச் கியர். மேலே, இறங்கத் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி லோவில் போட்டு, எஞ்சினால் பிடித்து இறங்கியிருந்தால் கெட்டுப்போன பிரேக்கோடும் நாம் வீடு வந்திருப்போம்.

நமது மாணவரின் ஜீப்புக்கு வருவோம். அது 90களின் ஜப்பான் வண்டி, எல்லாக் கியருக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. கேற்றடியிலேயே எஞ்சினை நிறுத்திக் கியர் போடச் சொன்னோம். இரண்டாம் கியர் அப்போதும் இறுக்கம்தான், அப்படியானால் கிளச் இல்லை. கடைசியாக என்ன ஒயில் ஊற்றினாய் என்றால், "கடைக்காரர் தந்ததுதான் சேர், டிஃபரன்ஷலுக்கும் கியருக்கும் ஒண்டுதானே" என்றார். ஒன்றல்ல தம்பி. டிஃபரன்ஷலுக்கு ஊற்றும் ஜீஎல் 5 ஒயில் கியர்பொக்ஸின் வெண்கல வளையங்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. வளையம் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். வண்டிப் புத்தகத்தில் ஜீஎல் 4 என்றிருந்தால் ஜீஎல் 4தான். முதலில் ஒயிலை மாற்று. இறக்கும் ஒயில் பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இரும்புத் தூள் மின்னினால்தான் கியர்பொக்ஸைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் விசாரித்ததில் தெரியவந்தது. ஐயா தார் வீதியிலும் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டே ஓடுகிறார், 'கெத்து' என்று. அந்த மாதிரி வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு. சேற்றில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் தண்டுகள் முறுக்கேறி, ட்ரான்ஸ்ஃபர் லீவர் அசையாமல் நிற்கும். அடித்து இழுக்க வேண்டாம். நேராகக் கொஞ்சத் தூரம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும். லீவர் தானாக வரும். பாடசாலை முற்றத்திலேயே செய்து காட்டினோம். வகுப்பு 11 பிள்ளைகள் கைதட்டினார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு இதுவரை அவர்கள் தட்டியதில்லை.

அந்த மணிக்கட்டு முறிந்த மாணவர் இப்போது வெளிநாட்டில் ஒரு வாகனத் திருத்தகத்தில் வேலை செய்கிறார். லீவில் வந்தால் முதலில் நமது டூ ஏயைத்தான் பார்க்க வருவார். அடியிலிருக்கும் அந்தப் பித்தளை மூடியை அவர்தான் தேடி வாங்கி அனுப்பினார். சாவிக் கொத்தோடு கட்டி வைத்திருக்கிறோம்.

பழைய மாணவரின் ஜீப் விற்பனைக்கு இல்லை. ஒயில் மாற்றியாயிற்று, இரண்டாம் கியர் பாதி சரி. கீச்சு இன்னும் பின் இடது சக்கரத்தில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு டிரம்மைக் கழற்றுகிறோம். பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகள் பார்க்க விரும்பினால் பழைய உடுப்போடு வரட்டும், ஈரத்துணி நாம் தருவோம்.